‘யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா’

கேள்வி: வணக்கம் மேடம். நான் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன வருடம் துறைத் தலைவர் கூப்பிட்டு, ‘உள்ளகப் புகார்க் குழுவுல மாணவர் உறுப்பினரா உன் பெயரைக் கொடுத்திருக்கேன், நீ நல்லா பேசுவ இல்ல’ என்றார். கூடவே ‘ஜெண்டர் சாம்பியன்’ (பாலினச் சமத்துவத்துக்கான மாணவர் பிரதிநிதி) என்று ஒரு பேட்ஜ். இதுவரை மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டி நடத்தியதுதான் நான் செய்த வேலை. இரண்டு வாரத்துக்கு முன் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் முதலாண்டு படிக்கும் ஒரு ஜூனியர் ராத்திரி 11 மணிக்கு என் அறைக்கு வந்தாள். அவளுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஒருவர் அனுப்பும் மெசேஜ்களைக் காட்டி அழுதாள். ‘யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா’ என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத் தூக்கமே இல்லை. இன்னொரு பக்கம், பெண்கள் விடுதியின் கேட்டை ஆறரைக்கே மூடுவது பற்றி நான்தான் பேச வேண்டும் என்று தோழிகள் சொல்கிறார்கள். வார்டனோ, ‘படிக்க வந்தியா, பஞ்சாயத்து பண்ண வந்தியா’ என்கிறார். பையன்கள் ‘மகளிர் சங்கத் தலைவி’ என்று கூப்பிடுகிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிடலாமா?

– பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

விலகுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். முதலில் அந்த ஜூனியர். அவள் விஷயத்தில் நாள் போய்க்கொண்டிருக்கிறது.

நான் வழக்கறிஞர். பல வருடங்களாகச் சில கல்லூரிகளின் உள்ளகப் புகார்க் குழுக்களில், அதாவது பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் குழுக்களில், வெளி உறுப்பினராக இருக்கிறேன். உங்கள் கதவைத் தட்டியவளைப் போன்ற பெண்கள் குழுவின் முன் வந்து சேரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். ‘மூணு மாசம்தான் டைம்னு யாருமே சொல்லல மேடம்’ என்று ஒரு பெண் என்னிடம் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. பாலியல் தொல்லை பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. அதற்குள் தர முடியாத சூழ்நிலை இருந்தது என்று குழுவுக்குப் பட்டால், காரணத்தை எழுதிவைத்து இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். அவ்வளவுதான். உங்கள் ஜூனியருக்கு இது தெரிந்திருக்காது.

கொடுத்த சத்தியத்தை மீறி அவளுக்குத் தெரியாமல் யாரிடமும் போகாதீர்கள். ஆனால் அவளிடம் மறுபடி போங்கள். ‘அன்னைக்கு நீ சொன்னதை நான் மறக்கலை, யார்கிட்டயும் சொல்லவும் இல்லை. உன்கிட்ட நாலு விஷயம் சொல்லணும், அப்புறம் என்ன செய்யணும்னு நீயே முடிவு பண்ணு’ என்று ஆரம்பியுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்: அவளுக்கு 18 வயது முடிந்துவிட்டதா? முதலாண்டில் சேரும்போது 17 வயதில் இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். 18 முடியவில்லை என்றால் இது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்துக்குள் வரலாம். அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, விஷயம் தெரிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். அப்படி இருந்தால் சத்தியத்தைக் காப்பாற்ற உங்களால் முடியாது. அதையும் அவளிடம் முதலில் சொல்லிவிட்டு, அன்றைக்கே குழுத் தலைவரையோ குழந்தைகள் உதவி எண் 1098-ஐயோ நாடி, காவல்துறைக்குத் தெரிவித்துவிடுங்கள். இன்னொரு சூழ்நிலையிலும் சத்தியம் நிற்காது. உயிரை விட்டுவிடலாம் என்ற மாதிரிப் பேச்சு அவள் வாயிலிருந்து வந்தால் அவளைத் தனியே விடாதீர்கள். உடனே பெரியவர் ஒருவரை அழையுங்கள்.

இந்த இரண்டும் இல்லை, 18 வயது முடிந்த பெண், யோசிக்க அவகாசம் கேட்கிறாள் என்றால், முடிவு அவளுடையது. தெரிந்து முடிவெடுக்கட்டும். அந்த மெசேஜ்களை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த எண்ணை பிளாக் செய்தாலும் சாட் அப்படியே இருக்கட்டும். தேதியும் எண்ணும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளட்டும். என்ன நடந்தது, எந்த நாள், எந்த இடம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். புகார் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, எழுதி வைத்துக்கொள்வதால் அவளுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. நீங்கள் அந்த ஸ்கிரீன்ஷாட்டை உங்கள் போனில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். ‘முதல்லயே ஏன் பிளாக் பண்ணல?’ என்று கேட்கவும் வேண்டாம். நல்ல மனதோடு கேட்டாலும் அந்தக் கேள்வி அவள் மேல் பழியாகத்தான் விழும்.

அவள் பயம் எதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்டர்னல் மார்க். நான் பார்த்த புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு பயத்தால்தான் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தன. ‘அவர் பேப்பர் இன்னும் ரெண்டு செமஸ்டர் இருக்கு மேடம்’ என்பார்கள். இதற்கு விதிமுறையிலேயே வழி இருக்கிறது. விசாரணை முடியும்வரை, புகார் கொடுத்தவரின் தேர்வையோ வேலையையோ எதிர்த்தரப்பு ஆசிரியர் மதிப்பிடக் கூடாது என்று நிறுத்திவைக்கக் குழு பரிந்துரைக்கலாம். வேறு பிரிவுக்கு மாற்றலாம், 3 மாதம் வரை விடுப்பு தரலாம், அந்த நபர் நெருங்கக் கூடாது என்று எச்சரிக்கலாம். இதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்கலாம் என்று சொல்ல ஆள் வேண்டும். தங்கையே, மாணவர் பிரதிநிதி என்று ஒருவரை வைத்திருப்பதே இதற்குத்தான். பேராசிரியர்களுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் பயம் உங்களுக்குத் தெரியும். விதியில் இருக்கும் வழி அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் நீங்கள்.

‘நிரூபிக்க முடியலைன்னா என்னையே தண்டிப்பாங்களா?’ என்றும் அவள் கேட்கக்கூடும். நிரூபிக்க முடியாமல் போவதும் பொய்ப் புகார் கொடுப்பதும் ஒன்றல்ல என்று பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தெரிந்தே பொய் சொன்னதாகத் தனியே விசாரித்து நிலைநாட்டினால்தான் நடவடிக்கை.

அவள் புகார் கொடுக்கிறேன் என்றால், எழுத உதவுவது குழு உறுப்பினர்களின் கடமை. நீங்களும் உறுப்பினர்தான். ஆனால் வாசகங்கள் அவளுடையதாக இருக்கட்டும். நீங்கள் இங்கிலீஷில் அழகுபடுத்தித் தர வேண்டாம். தமிழில் அவள் சொல்கிறபடியே எழுதினால் போதும். புகாரின் நகல் 7 நாளுக்குள் எதிர்த்தரப்புக்குப் போகும், அவர் 10 நாளுக்குள் பதில் தர வேண்டும், விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். இந்த நாள் கணக்கை ஒரு துண்டுத்தாளில் எழுதி அவளிடம் கொடுங்கள். காவல் நிலையத்திலும் புகார் தர நினைத்தால், அதற்கு உதவி செய்வதும் நிர்வாகத்தின் பொறுப்பு.

இப்போது உங்களுக்கே கஷ்டமாக இருக்கப்போகும் ஒன்றைச் சொல்கிறேன். அவள் புகார் குழுவுக்கு வந்தால், அந்த விசாரணையில் நீங்கள் உட்காரக் கூடாது. ராத்திரியில் அவள் அழுததைப் பார்த்துவிட்டீர்கள், அவளை நம்பிவிட்டீர்கள். நம்பியது சரிதான். ஆனால் இரண்டு பக்கமும் கேட்டுச் சொல்லும் நாற்காலியில் அதே ஆள் உட்கார்ந்தால், நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். குழுத் தலைவரிடம், ‘இந்தப் பெண் என்னிடம் முன்பே பேசியிருக்கிறார், ஆகவே இதில் நான் இருக்க மாட்டேன்’ என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

முறையில் தவறினால் எவ்வளவு இழப்பு என்பதற்கு கோவா பல்கலைக்கழக வழக்கைச் சொல்வேன். அங்கே 2009இல் மாணவிகள் ஓர் ஆசிரியர் மீது புகார் கொடுத்தார்கள். குழு விசாரித்தது, அவர் வேலையை விட்டு நீக்கப்பட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் தாண்டி உச்ச நீதிமன்றம் போனது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்புத் தராமல் குழு அவசர அவசரமாக விசாரித்து முடித்தது என்பதுதான் காரணம். விட்ட இடத்திலிருந்து மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். 14 வருடம் கழித்து! அந்த மாணவிகளை நினைத்துப் பாருங்கள். அதே தீர்ப்பில், நாடு முழுக்க இந்தக் குழுக்கள் சரியாக அமைக்கப்படாமல் இருப்பதையும் நீதிமன்றம் கவலையோடு குறிப்பிட்டது. குழுவை ஒழுங்காக அமைக்க வேண்டும், நிதானமாகவும் நடத்த வேண்டும். புகார் கொடுத்த பெண்ணுக்கு அதுதான் பாதுகாப்பு.

ரகசியம் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையை நாம் எல்லோரும் படித்தோம். அவருடைய விவரங்களோடு முதல் தகவல் அறிக்கையே வெளியில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. போன விவரம் போனதுதான். ஆகவே குழு சம்பந்தப்பட்ட எதையும் வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். உங்கள் அறைத் தோழியிடமும் சொல்லாதீர்கள்.

அடுத்தது, நீங்கள் எப்படி உறுப்பினர் ஆனீர்கள் என்பது. துறைத் தலைவர் உங்கள் பெயரைக் கொடுத்தார் என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். அது விதிப்படி சரியில்லை. இளங்கலை, முதுகலை, ஆய்வு மாணவர் என்று நிலைக்கு ஒருவராக 3 பேர், வெளிப்படையான ஜனநாயக முறையில் மாணவர்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதுதான் விதி. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் பொறுப்பில் இருப்பவர்கள் குழுவில் இருக்கவே கூடாது என்றும் அதில் இருக்கிறது. உங்கள் குழுவின் பட்டியலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1997இல் விசாகா வழக்கில் பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகள் தந்த பிறகு, டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 1999இல் இத்தகைய புகார்களுக்காக ஒரு குழு அமைத்தது. அதில் மாணவர் பிரதிநிதிகளை மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 2017இல் அதைக் கலைத்துவிட்டு உள்ளகப் புகார்க் குழுவைக் கொண்டுவந்தபோது மாணவர்கள் அவ்வளவு எதிர்த்ததற்கு ஒரு காரணம் அந்த ஓட்டு. ஓட்டுப் போட்டவர்கள் உங்களிடம் உரிமையோடு கேள்வி கேட்பார்கள். கேட் எப்போது திறக்கும், புகார் என்ன ஆச்சு, பெயர்ப்பட்டியலை ஏன் ஒட்டவில்லை என்று கேட்பார்கள். துறைத் தலைவர் நியமித்தவரை துறைத் தலைவர் மட்டும்தான் கேட்பார். அடுத்த முறை தேர்தல் வையுங்கள் என்று பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், விதியைக் குறிப்பிட்டு. மூன்றே வரி போதும்.

சரி, விடுதி கேட்டுக்கு வருகிறேன். இதில் நீங்கள் நினைப்பதைவிட உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களின் விடுதியில் இல்லாத பாரபட்சமான விதிகளைப் பெண்கள் விடுதியில் வைக்கக் கூடாது என்று அதே 2015 விதிமுறைகள் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதை மட்டும் நீட்டினால் வார்டனுக்குக் கோபம்தான் வரும். கணக்கோடு போங்கள். ஒரு தடவை ஒரு கல்லூரி விடுதியில் கேட் நோட்டைப் பார்த்தேன். நீள நோட்டு, ஓரமெல்லாம் மடங்கி எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. பெயர், போன நேரம், வந்த நேரம், காரணம் என்று நான்கு கட்டம். காரணம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ‘ஜெராக்ஸ், ஜெராக்ஸ், ஜெராக்ஸ்’. பக்கத்துக்குப் பக்கம் அதுதான். விசாரித்தால், வேறு எதை எழுதினாலும் வீட்டுக்குப் போன் போகுமாம். பல் வலிக்கு டாக்டரைப் பார்க்கப் போனவளும் ஜெராக்ஸ், வேலைக்கு இன்டர்வியூ போனவளும் ஜெராக்ஸ். அவசரம் என்றால் எந்தப் பெண் எங்கே போனாள் என்று கண்டுபிடிக்க அந்த நோட்டால் முடியுமா? பாதுகாப்புக்கு என்று வைத்த நோட்டு பொய் சொல்லப் பழக்கிக்கொண்டிருந்தது. எதிரே ஆண்கள் விடுதியில் நோட்டே கிடையாது. இதை அந்த விடுதிக் காப்பாளரிடம் காட்டியபோது அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

அதே மாதிரி நீங்களும் எண்ணுங்கள். நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கிறது? ஆறரைக்குப் பிறகு அங்கே எத்தனை ஆண்கள் படிக்கிறார்கள், எத்தனை பெண்கள்? ஆய்வகத்தில் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடிவரும் மாணவிகள் எத்தனை பேர்? ஒரு வாரம் எண்ணினால் போதும், ஒரு பக்கம் நிரம்பிவிடும். பல பெற்றோருக்கு ஆறரை மணி கேட்தான் நிம்மதி, அதனால்தான் மகளை அனுப்பியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. அந்தப் பயத்தைக் கேலி பண்ணாதீர்கள். நூலகத்திலிருந்து விடுதிவரை விளக்கு வேண்டும், துணைக்குப் பல்கலைக்கழக வண்டி வேண்டும் என்று சேர்த்தே கேளுங்கள். கேட்டை ஒன்பதரைக்கு மாற்றுவதைப் பரீட்சை மாதங்களில் முயன்று பார்க்கலாம் என்று ஒரு வழியும் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் மாணவிகளும் இருப்பார்கள். அவர்களுக்கும் நீங்கள்தான் பிரதிநிதி, அவர்கள் சொன்னதையும் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள்.

உங்களிடம் யார் வரவில்லை என்றும் பாருங்கள். நல்லாப் பேசுகிற, நகரத்துப் பள்ளியில் படித்த பெண்கள் தாமாகவே வருவார்கள். கிராமத்திலிருந்து வந்து யாரோடும் ஒட்டாமல் இருப்பவள், சாதியைச் சொல்லி அறையில் ஒதுக்கப்படுபவள், எந்தக் கழிப்பறைக்குப் போவது என்று தெரியாமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் திருநங்கை மாணவி இவர்களெல்லாம் வரமாட்டார்கள். நீங்கள்தான் போக வேண்டும்.

பையன்கள் கேலியாகக் கூப்பிடுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வலிக்கத்தான் செய்யும். அவர்களில் இரண்டு மூன்று பேரையாவது கூட்டிக்கொள்ளுங்கள். விதிமுறைகள் ஆண் மாணவர்களுக்கும் மூன்றாம் பாலினத்தவருக்கும் நடக்கும் பாலியல் தொல்லையையும் கணக்கில் எடுக்கின்றன என்று சொன்னால் பாதிப் பேருக்கு ஆச்சரியமாக இருக்கும். நான் இருந்த ஒரு குழுவில் இளங்கலை படிக்கும் ஒரு தம்பி மாணவர் உறுப்பினர். மூன்று கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. நானும், இவன் எதற்கு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். நான்காவது கூட்டத்தில் புகார் கொடுத்த பெண்ணைக் கூப்பிட இருந்தோம். அவளுக்குப் போட்டிருந்த நாற்காலி, கண்ணாடிக் கதவுக்கு நேராக இருந்தது. கதவுக்கு வெளியே எதிர்த்தரப்பு ஆள் உட்கார்ந்து காத்திருந்தார். நாங்கள் பெரியவர்கள் ஐந்து பேர் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அந்தத் தம்பி எழுந்து போய், நாற்காலியைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண் அன்றைக்கு ஒரு மணி நேரம் தடுமாறாமல் பேசினாள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கோலப்போட்டியைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். அடுத்த மகளிர் தினத்தில் கோலத்துக்குப் பக்கத்திலேயே குழு உறுப்பினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் அதை வைக்க வேண்டும் என்பது சட்டம். புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அலுவலக வாசலில், கேமராவுக்குக் கீழே மாட்டியிருந்தால் யாரும் போட மாட்டார்கள். கழிப்பறைப் பக்கம் மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது விலகல். என் அபிப்பிராயம், இப்போது விலகாதீர்கள். அந்தப் பெண் உங்கள் பேட்ஜைப் பார்த்துத்தான் அத்தனை அறைகளைத் தாண்டி உங்கள் கதவைத் தட்டியிருக்கிறாள். ஆனால் தூக்கம் இல்லை என்று எழுதியிருப்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குழுத் தலைவரிடம் பெயர் சொல்லாமல், ‘ஒரு மாணவி என்னிடம் பேசியிருக்கிறார், எனக்கு எப்படிக் கையாள்வது என்று தெரியவில்லை’ என்று பேசலாம். அது சத்தியத்தை மீறுவது ஆகாது. மனபாரம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். ராத்திரி 11 மணிக்கு மேல் உங்கள் கதவு மூடியிருக்கலாம், அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள் என்று கதவிலேயே ஒட்டிவையுங்கள். உங்கள் நான்காவது செமஸ்டர் புராஜெக்ட்டையும் யாரும் உங்களுக்காக எழுதித் தரப்போவதில்லை. படிப்பு கெட்டுப்போகும் அளவுக்கு இது போனால் அப்போது விலகுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எப்படியும் ஏப்ரலில் படிப்பு முடிந்துவிடும். பதிவாளருக்கு எழுதிய கடிதம், கேட் கணக்கு, யாரிடம் எதைக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று ஒரு நோட்டுப் போடுங்கள். பெயர்களும் புகார்களும் அதில் இருக்கக் கூடாது. அடுத்து வருபவளிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

உங்கள் கடிதம் எழுதிய தேதிக்கும் இந்தப் பதிலுக்கும் இடையில் சில நாட்கள் ஓடிவிட்டன. இன்று மாலை விடுதிக்குப் போனதும் அந்தத் தங்கையைக் கூப்பிட்டு, கடைசி மெசேஜ் வந்த தேதி என்ன என்று கேளுங்கள். காலண்டரில் அதிலிருந்து 3 மாதம் எண்ணி, அந்த நாளை அவளிடம் சொல்லுங்கள்.